முளையிலே தெரியாது

எங்கள் ஊரில் இரண்டு வருஷங்களுக்கு முன் ஆவணி மாதத்தில் ஒரு மரம் நடு விழா நடந்தது. மந்திரியின் தேதி கிடைக்காமல், கல்லூரி முதல்வருக்கும் ஜுரம் வந்துவிட்டால், கடைசியில் நாவல் எழுதுகிறவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நானும் மறுப்பதில்லை. சால்வை போர்த்துவார்கள், காபி கொடுப்பார்கள், இரண்டு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று போனேன்.

ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் வரிசையாகக் குழி வெட்டியிருந்தார்கள். லாரியில் வந்து இறங்கியிருந்த கன்றுகளில் ஆக உயரமானதை, அது என் தோள் அளவுக்கு இருந்தது, பொறுக்கி எடுத்து என் கையில் கொடுத்தார்கள். புங்கன் கன்று; தளதளவென்று இலை, பச்சைப் பசேலென்ற தண்டு. தலைமை வகித்த பெரியவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அன்றைக்கு நானூறு கன்றுகள் நட்டதாக நோட்டீஸில் இருந்தது. இரண்டாவது சித்திரையில் அந்தப் பக்கம் நடந்து போனபோது உயிரோடு இருந்தவற்றை எண்ண என் கைவிரல்களே போதுமாக இருந்தன. என் புங்கன் நின்ற இடத்தில் ஒரு குச்சி இருந்தது. அதற்கு நாலடி தள்ளி, எந்தக் காக்கையோ போட்ட விதையிலிருந்து வந்த ஒரு வேப்பங்கன்று, முழங்கால் உயரம்கூட இல்லாதது, கோணல் மாணலாக, ஆனால் பச்சையாக நின்றது. அதற்கு யாரும் சால்வை போர்த்தவில்லை.

ஒரு புங்கன் செத்ததை வைத்துக்கொண்டு சித்தாந்தம் கட்டக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆடு மேய்ந்திருக்கலாம், தண்ணீர் ஊற்றுவதாக ஒப்புக்கொண்டவர் ஊற்றாமல் விட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது என் மனத்தில் அரித்தது அந்தப் பழமொழிதான். அதைச் சொன்னவர் நிச்சயமாக நெல் விதைத்தவராக இருக்க வேண்டும். நெல்லுக்கு நாலு மாசம் ஆயுசு. அந்த நாலு மாசமும் காலடியில் தண்ணீர் நிற்கும். நாற்றங்காலில் எந்தத் தண்ணீரோ, வயலிலும் அந்தத் தண்ணீர்தான். முளையில் தெரிந்தது விளைச்சலிலும் தெரியும், வாஸ்தவம். மரத்தின் கதை அப்படியா? அது அறுபது கோடையைப் பார்க்கவேண்டிய ஜீவன். நாம் அதை நர்ஸரியில் பாலிதீன் பையில் வைத்து, காலையும் மாலையும் பூவாளியில் தண்ணீர் வார்த்து வளர்த்து, எது உயரம் என்று பார்த்துப் பரிசு கொடுத்து, பிறகு பொட்டலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்துவிடுகிறோம். பரீட்சை ஒன்று, உத்தியோகம் வேறு ஒன்று!

இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்தால்தான் மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக் கட்டையாக மாற்ற முடியும். ஆனால் திறந்த கதவு வழியே தண்ணீர் ஆவியாக ஓடுகிறது. ஒரு மூலக்கூறு கரியமில வாயு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடும். ஆகவே வளர்ச்சி என்பது செலவு. வேகமான வளர்ச்சி என்பது தாராளச் செலவு. சம்பளம் வந்த முதல் தேதியன்று எந்த வீடு கலகலப்பாக இருக்கிறதோ அந்த வீட்டில்தான் சேமிப்பு அதிகம் என்று நீங்கள் சொல்வீர்களா? நர்ஸரியில் எல்லா நாளும் முதல் தேதி. அங்கே ஊதாரியும் கெட்டிக்காரனும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். சொல்லப்போனால் ஊதாரி இரண்டு அங்குலம் கூடுதலாகவே தெரிவான்.

இதில் பரம்பரைக்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். அங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. கதவை எப்போது சாத்துவது, முதலில் வேரை இறக்குவதா தழையை விடுவதா, தண்டில் நீர் போகும் குழாய்களை எவ்வளவு அகலமாக வைப்பது என்ற சுபாவங்களில் பெரும் பகுதி விதையோடு பிறக்கிறது. ஒரே ஜாதி மரம்தான். மழை மிகுந்த பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக நின்ற தாயின் குழந்தைகள் ஒரு மாதிரி, வறண்ட மேட்டில் நின்ற தாயின் குழந்தைகள் வேறு மாதிரி. முக்கியமானது என்னவென்றால், நீர் உள்ள இடத்தில் முதல் ராங்க் வாங்கிய விதை, நீர் இல்லாத இடத்தில் அதே ராங்க்கை வாங்குவதில்லை. வரிசை மாறிவிடுகிறது, சில சமயம் தலைகீழாகவே மாறிவிடுகிறது.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. நட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தின் நடுப் பகுதியில் பாஸ்ட்ராப் என்ற ஊர் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு பைன் மரக் காடு. லாப்லாலி பைன் என்ற அந்த மரத்தின் பெரிய ராஜ்யம் கிழக்கே, மழை கொட்டும் பிரதேசத்தில் இருக்கிறது. பாஸ்ட்ராப் காடு அதிலிருந்து சுமார் 100 மைல் மேற்கே தன்னந்தனியாகக் கிடக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அதற்குத் 'தொலைந்துபோன பைன்கள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாவலாசிரியன் யோசித்திருந்தாலும் இதைவிட நல்ல பெயர் கிடைத்திராது. உறவினர்களைவிடக் குறைந்த மழையில், மணல் பாங்கான மேட்டில், நெடுங்காலமாகக் காய்ந்து காய்ந்து தேறிய கூட்டம் அது.

1950 முதல் 1957 வரை டெக்ஸாஸைப் பிடித்து ஆட்டியது ஒரு மகா வறட்சி. கிழக்கே நட்ட இளம் பைன்கள் கருகின. 1951ல் அந்த மாகாண வனத்துறை புரூஸ் ஸோபெல் என்ற நிபுணரை அழைத்து, வறட்சியைத் தாங்கும் பைன்களைத் தேடிப் பொறுக்கி வளர்க்கும் வேலையை ஒப்படைத்தது. அமெரிக்காவின் தென் பகுதியில் மரங்களை இனவிருத்தி செய்யும் சாஸ்திரம் இப்படித்தான் தொடங்கியது. அதே சமயம், தென் மாகாணங்கள் முழுவதிலும் ஓர் ஊர்ப் பைன் விதையை இன்னோர் ஊரில் நட்டுப் பார்க்கும் பெரிய சோதனையும் ஆரம்பமாயிற்று. கிழக்குக் கரையோரத்து விதை வேகமாக வளர்ந்தது. மேற்கு எல்லையிலிருந்து வந்த விதை மெதுவாக வளர்ந்தது, ஆனால் வறண்ட இடத்தில் பிழைத்துக்கொண்டது. வருஷக் கணக்காக மரத்தை அளந்து, செத்ததை எண்ணிக் கண்டுபிடித்தது இது. நர்ஸரியில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் தெரிகிற சமாசாரம் அல்ல.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? வறட்சி போயிற்று. மழை பெய்தது. மழை பெய்தால் மனிதனுக்கு மறதி வந்துவிடும். இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. மரக் கம்பெனிகளுக்கு வேகம் வேண்டும். மெதுவாக வளர்கிற பாஸ்ட்ராப் பைனின் கன்றை யார் வாங்குவார்கள்? கேட்பாரில்லாமல் போயிற்று. வனத்துறையின் குளிர்பதன அறையில் ஆயிரம் பவுண்டுக்கு மேல் அந்த விதை கிடந்தது. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று அதைக் குப்பை மேட்டில் கொட்டிவிடுவதாக இருந்தார்கள்.

2011 வந்தது. டெக்ஸாஸில் மறுபடியும் கொடிய வறட்சி. செப்டம்பர் 4ஆம் தேதி பாஸ்ட்ராப் பக்கம் தீப்பிடித்தது. 30,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. 1,600க்கும் அதிகமான வீடுகள் போயின. இரண்டு பேர் மாண்டார்கள். தொலைந்துபோன பைன்களின் பெரும் பகுதி இந்தத் தடவை நிஜமாகவே தொலைந்துபோயிற்று. அப்போதுதான், கொட்டாமல் விட்ட அந்த மூட்டைகள் யாருக்கோ ஞாபகம் வந்தன. அந்த விதையிலிருந்து லட்சக்கணக்கில் கன்று வளர்த்து எரிந்த மேட்டிலே திரும்ப நட்டார்கள். ஒரு பிராந்தியத்தின் வனம் முழுவதும், ஒரு குமாஸ்தா 'கொட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போடத் தாமதித்த காரணத்தால் பிழைத்தது என்றால், அந்தத் தாமதத்துக்கு ஒரு சிலை வைக்கலாம்.

கிழக்கேயிருந்து வேகமாக வளரும் கன்றை லாரி லாரியாகக் கொண்டுவந்து நட்டிருக்கலாமே? நட்டிருக்கலாம். பைன் என்ற பெயர் இருந்திருக்கும். புகைப்படம் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வறட்சி வரையில் காடும் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். நான் சொன்னதைக் கேட்டதும் சில ஆசாமிகள் மீசையை முறுக்கிக்கொள்வார்கள்: "பார்த்தாயா, எல்லாம் பிறப்பிலே இருக்கிறது, விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?" அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பெரும்பாலான காட்டு மரங்களில் மரபணு வேற்றுமையின் பெரும் பங்கு ஒரு தோப்புக்கும் இன்னொரு தோப்புக்கும் நடுவில் இல்லை. ஒரே தோப்புக்குள், பக்கத்துப் பக்கத்து மரங்களுக்கு இடையிலேயே இருக்கிறது. வறட்சியைத் தாங்குவதற்கென்று குலத்துக்கு ஒரு தனி முத்திரை கிடையாது. 2014ல் லாப்லாலி பைனின் மரபுத் தொகுதியை முழுவதும் படித்தார்கள். சுமார் 2,200 கோடி எழுத்துக்கள். மனிதனுடையதைப் போல் ஏழு மடங்கு. அதுவரை அவ்வளவு பெரிய சாசனத்தை யாரும் படித்ததில்லை. அதற்குள்ளே 'வறட்சி' என்று தலைப்பிட்ட ஒரு பக்கம் அகப்படுவதில்லை. வேரில் கொஞ்சம், இலைத்துளையில் கொஞ்சம், குழாயில் கொஞ்சமாக, ஏராளமான மரபணுக்கள் ஆளுக்கு ஒரு சிட்டிகை சேர்க்கின்றன. சாதித் தத்துவத்துக்கு இங்கே ஆதாரம் தேட வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இன்னொரு பக்கத்தாருக்கும் பதில் சொல்லவேண்டும். சிக்கனமான மரமே சிறந்த மரம் என்று நான் சொன்னதாக நினைத்துவிடக்கூடாது. வாய்க்கால் ஓரத்தில், தண்ணீர் குறையாத மண்ணில், சிக்கனக்காரன் தோற்றுப்போவான். அவன் கதவைச் சாத்தியும் திறந்தும் யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து மரம் தலைக்கு மேலே போய் வெயிலை மறைத்துவிடும். களைச் செடியும் ஆடும் உள்ள இடத்தில் உயரமான கன்றுக்கு நல்ல சௌகரியம் உண்டு என்று தோட்டக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உயரம் பொய் சொல்கிறது என்பதல்ல என் புகார். நாம் கேட்காத ஒரு கேள்விக்கு அது விடை சொல்கிறது. அதை நாம் கேட்ட கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்கிறோம்.

நம் நாட்டில் யூகலிப்டஸ் மரத்தைப் பற்றி நடக்கிற சண்டையைப் பாருங்கள். தைல மரம் என்றும், தைலப் புட்டியின் மேல் இருந்த பெயரைக் கொண்டு 'ஆர்.எஸ். பதி மரம்' என்றும் நம் கிராமத்தார் அதை அழைப்பார்கள். நீலகிரிக்கு அது 1843ல் வந்தது. அதற்கும் முன்பே, சுமார் 1790ல், மைசூர்ச் சீமையில் நந்தி மலைத் தோட்டத்தில் திப்பு சுல்தான் அதை நட்டதாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் அந்த நந்தி மலையில் இருந்த சில மரங்களின் விதைதான் 'மைசூர் கம்' என்ற பெயரில் தக்காணம் முழுவதும் பரவியது. ஆஸ்திரேலியா என்ற ஒரு கண்டமே விதைக் களஞ்சியமாக இருக்க, ஒரு மலைத் தோட்டத்தில் இருந்த ஒரு சில தாய் மரங்களின் பிள்ளைகளைக் கொண்டு லட்சம் லட்சமாய் நட்டோம்!

பிறகு இரண்டு கட்சி பிறந்தது. 'கற்பக விருட்சம்' என்றது ஒன்று. 'பூமியை உறிஞ்சும் பூதம்' என்றது மற்றது. 2017ல் கர்நாடக அரசு இனிமேல் அதை நடக்கூடாது என்று தடையே போட்டது. எந்த ஊர் விதை, எந்த மண், எவ்வளவு மழை என்று இரண்டு கட்சியிலும் பெரும்பாலோர் கேட்கவில்லை. ஆற்றங்கரைச் சிவப்பு யூகலிப்டஸ் என்று ஒரு வகை இருக்கிறது. 1960களிலேயே உலக உணவு விவசாய ஸ்தாபனம் ஏற்பாடு செய்து, ஆஸ்திரேலியாவின் பல மூலைகளிலிருந்து அதன் விதையைத் திரட்டிப் பல தேசங்களில் நட்டுப் பார்த்தார்கள். தெற்கே அல்பகுட்யா ஏரிக்கரை விதை, குளிர் காலத்தில் மழை பெய்யும் மத்தியதரைக் கடல் நாடுகளில் ஜெயித்தது. வடக்கே பெட்ஃபோர்டு என்ற ஊரின் விதை, நம்மைப் போலக் கோடைக்குப் பின் மழை வரும் உஷ்ண தேசங்களில் ஜெயித்தது. ஒரே மரம், ஒரே பெயர். இடத்தை மாற்றி நட்டவன் ஏமாந்தான்.

ஆனால் சரியான விதையைக் கண்டுபிடித்துவிட்டால் தண்ணீர்க் கணக்கு தீர்ந்துவிடும் என்று சொல்கிறவர்களிடமும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். இப்போது 'குளோன்' என்று விற்கிறார்கள்: ஒரே மரத்தின் துண்டுகளை வேர் விடவைத்து, நூறு ஏக்கரிலும் ஒரே மரம். 'குறைந்த தண்ணீர், அதிக வளர்ச்சி' என்று விளம்பரம். மேலே சொன்ன இலைத்துளையை நினைத்துப் பாருங்கள். கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் சாத்தியம், மாயம் சாத்தியமில்லை. 1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்து நீரியல் நிபுணர்களும் கர்நாடக வனத்துறையும் சேர்ந்து அளந்தார்கள். ஆழம் அதிகமில்லாத மண்ணில் யூகலிப்டஸ் தோப்பு குடித்த தண்ணீர் உள்ளூர்க் காடு குடித்ததைவிட அதிகமில்லை. பூதக் கட்சிக்கு இது கசக்கும். ஆனால் பெய்த மழை ஏறக்குறைய முழுவதையும் குடித்தது. கேழ்வரகு வயலைப் போல் சுமார் இரண்டு மடங்கு. ஹொஸகோட்டேயில் மண் ஆழமாக இருந்த இடத்தில், அளந்த மூன்று வருஷத்தில் பெய்த மழையைவிட அதிகமாகவே எடுத்தது. அதாவது வேர் கீழே இறங்கி, முந்தைய வருஷங்களின் சேமிப்பில் கை வைத்தது. கற்பகக் கட்சிக்கு இது கசக்கும். எனக்கு இரண்டு கசப்பும் சம்மதம். புதுக்கோட்டைப் பக்கத்தில் தைலமரக் காட்டுக்குள் வரப்புப் போட்டு நீரைத் தடுப்பதால் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை என்று கிராமத்தார் புகார் சொல்கிறபோது, 'இது நல்ல குளோன் ஐயா' என்பது அவர்களுக்கு விடையாகாது.

காய்ந்த மரம் எப்படிச் சாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் அதைப் பட்டினிச் சாவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்டுக் குழாய்களில் நீர் ஒரு கயிறு மாதிரி, இலையின் இழுப்பில் மேலே போகிறது. மண் காயக் காய இழுப்பு கூடுகிறது. ஓர் எல்லையில் கயிறு அறுந்து குழாயில் காற்றுப் புகுந்துவிடும். கிணற்று மோட்டார் காற்று வாங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அது போல. அந்தக் குழாய் அத்தோடு சரி. 2012ல் உலகம் முழுவதிலும் 81 இடங்களைச் சேர்ந்த 226 மர இனங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு எழுபது இனங்கள் அந்த எல்லைக்கு வெகு அருகிலேயே காலம் தள்ளுகின்றன என்று தெரிந்தது. மழைக்காட்டு மரமும் அப்படித்தான், வறண்ட காட்டு மரமும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தன் ஊர் வரவுக்கு விளிம்பு வரை செலவு செய்து பழகியிருக்கிறது. ஓர் ஊர் மரத்தை மற்றோர் ஊரின் வரவில் குடித்தனம் நடத்தச் சொல்கிறபோது, நாம் எவ்வளவு குறுகிய திண்ணையில் அதை உட்காரவைக்கிறோம் என்பது விளங்குகிறதா?

ஆகவே விழா நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. இந்தக் கன்றின் விதை எங்கே பொறுக்கியது? அந்தத் தாய் மரம் எந்த மண்ணில், எத்தனை கோடைகளைக் கண்டு நிற்கிறது? ஒரே தாயின் விதையா, பல தாய்களின் விதையா? நாளைப் பத்திரிகையில் எண்ணிக்கை போடுகிறீர்களே, அதை மூன்றாவது கோடை கழித்துப் போட உங்களுக்குத் தைரியம் உண்டா? மாம்பழம் வாங்கும்போது எந்த ஊர் என்று கேட்கிறோம். பெண் எடுக்கும்போது ஏழு தலைமுறையை விசாரிக்கிறோம், அது அநாவசியமான விசாரணை. விசாரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் நமக்கு வாய் அடைத்துப்போகிறது.

இந்த ஆவணிக்கு மறுபடியும் அழைப்பு வந்திருக்கிறது. அதே சங்கம், அதே பொட்டல். மேலே சொன்ன கேள்விகளை மரியாதையாக ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பினேன். காரியதரிசி நல்ல மனிதர். உடனே டெலிபோனில் கூப்பிட்டார்.

"ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. விதை விவரம் கம்பெனிக்காரர்களுக்கே தெரியாதாம். ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். போன தடவை தோள் உயரம்தானே, இந்தத் தடவை எல்லாக் கன்றும் ஆள் உயரம்."

"அங்கே ஒரு வேப்பங்கன்று தானாக முளைத்து நிற்கிறதே, அதை என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எதைச் சொல்கிறீர்கள்? ஓ, அதுவா? வரிசைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று நேற்றுத்தான் ஆளைவிட்டு எடுக்கச் சொன்னேன்" என்றார் அவர். பிறகு, "ஆனால் அவன் இன்னும் வரவில்லை" என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.